புதுத் தென்னை காய்த்துவிட்டது, அப்பா மட்டும் இளநீர் குடிக்க மாட்டேன் என்கிறார்

தோப்புவீட்டுப் பெண்:

தலைப்பைப் பார்த்துவிட்டு உரம், மருந்து என்று சொல்ல வந்துவிடாதீர்கள். மரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆள்தான் சரியில்லை.

எங்கள் ஊர் பேராவூரணிக்குத் தெற்கே, கடலுக்குப் பத்து கிலோமீட்டர். 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாயின் கடைமடை நாங்கள். தண்ணீர் வந்து சேராத வருடங்களைப் பார்த்துச் சலித்துத்தான் தாத்தா நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினார். மூன்று ஏக்கர், 212 மரம். பாதி தாத்தா வைத்தது, மீதி அப்பா வைத்தது. அப்பாவுக்கு எல்லா மரத்தையும் பேர் சொல்லித் தெரியும். கிணத்தடியான், ரெட்டைப்பாளை, கோணக்காலி, பெரியக்கா மரம் (என் அக்கா பிறந்த வருடம் வைத்தது), இடிவிழுந்தான். இடிவிழுந்தான்மேல் இடி விழவே இல்லை. பக்கத்து மரத்தில்தான் விழுந்தது. அந்த மரம் பட்டுப்போனதும் பேர் இதற்கு வந்துவிட்டது.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரை கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் என்று டிவியில் சொன்னார்கள். நான் சென்னையில் இருந்தேன். அன்று காலையிலிருந்து வீட்டில் யார் போனும் போகவில்லை. மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர முடிந்தது. பட்டுக்கோட்டை வரை பஸ், அப்புறம் தம்பியின் கூட்டாளி பைக், கடைசி மூன்று கிலோமீட்டர் மரத்தையும் போஸ்ட் கம்பத்தையும் தாண்டித் தாண்டி நடை. வளைவில் திரும்பியதும் எதிரே எங்கள் வீடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து ரோட்டில் நின்று எங்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை. தோப்புதான் தெரியும். அன்று ஓடு பறந்த கூரை, திண்ணை, கொடியில் காயும் துணி எல்லாம் தெரிந்தது. யாரோ வீட்டின் துணியை விலக்கிவிட்ட மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இன்றும் ஏன் என்று தெரியவில்லை.

நின்றவை 19. அதிலும் ஆறு மரம் குருத்து திருகிப்போய்த் தை மாதத்துக்குள் மண்டை சாய்ந்துவிட்டன.

அம்மா முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாராம். அப்பா அழவில்லை. நான் போனபோது கூடையை வைத்துக்கொண்டு விழுந்த மரங்களுக்கு நடுவே குரும்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். குரும்பை எதற்கும் ஆகாது. சின்ன வயதில் நாங்கள் ஈர்க்குச்சி செருகித் தேர் செய்வோம், அவ்வளவுதான் அதன் உபயோகம். மூன்று நாளாக அதைத்தான் செய்கிறார் என்று அம்மா சொன்னார். கொல்லையில் ஒரு குவியல் கிடந்தது.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் வேறு. எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் ஊர் வரும். துக்கம் கேட்க வருகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள், பேசாமலும் உட்கார்ந்திருப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தால் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். இதற்கு யார் வருவது? பக்கத்துத் தோப்பும் படுத்துவிட்டது, அதற்கடுத்ததும் படுத்துவிட்டது. எல்லா வீட்டிலும் பிணம் கிடக்கும் ஊரில் யார் யாருக்குத் துக்கம் கேட்பது? அதனால் ஒருவரும் கேட்கவில்லை. “ஒங்களுக்கு எத்தனை?” என்று எண்ணிக்கை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்குக் கரண்ட் வர நாற்பது நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் எல்லோரும் எண்ணி முடித்திருந்தார்கள்.

நிவாரணம் வந்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. ஒரு மரம் வருடத்துக்கு நூறு காய் என்றாலும் அன்றைய விலைக்கு அது ஒரு வருட வரும்படி. குறை சொல்ல எழுதவில்லை. அப்பாவும் குறை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினார். செங்கல் சூளைக்காரர்கள் லாரி கொண்டுவந்து துண்டு போட்டு ஏற்றிப் போனார்கள். ஒரே ஒரு அடித்துண்டை மட்டும் கிழக்கு வேலியோரம் உருட்டி வைத்துக்கொண்டார். சாயங்காலம் அதில்தான் உட்காருவார்.

2019 ஆடியில் தம்பி 180 கன்று வாங்கிவந்தான். நெட்டை குட்டை கலப்பு ரகம். குழி வெட்டியதிலிருந்து எல்லாம் அப்பாதான். மூன்று அடிக்கு மூன்று அடி, ஆள் வைக்காமல், 66 வயதில். முதல் கோடையில் குடத்தில் தூக்கி ஊற்றினார். அதனால் புதுக் கன்றுகள்மேல் வெறுப்பு என்று சொல்ல முடியாது.

இப்போது நன்றாகவே காய்க்கின்றன. தேங்காய் விலை வேறு 2025-இல் எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. தம்பிக்குச் சந்தோஷம். இந்த மே மாதம் அக்கா மகன் இளநீர் வெட்டி முதலில் தாத்தாவிடம் நீட்டினான். “நீ குடி. எனக்குச் சளி” என்றார். மே மாதத்தில். அடுத்த முறை “இப்பதான் டீ குடிச்சேன்.” அடுத்த முறை “வயிறு சரியில்ல.” வருகிறவர்களுக்கெல்லாம் அவரே வெட்டிக் கொடுக்கிறார், தான் வாய் வைப்பதில்லை. தம்பி “வீம்பு” என்கிறான். அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

எனக்குக் கேட்க வேண்டியது இதுதான். ஏழு வருடம் ஆன பிறகும் மரத்துக்காக ஒருவர் இப்படி இருப்பாரா? உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா? அவரிடம் இதைப் பற்றிப் பேசுவதா, விட்டுவிடுவதா?


வண்டுக்காரன்:

தங்கச்சி, கோவித்துக்கொள்ள வேண்டாம். நானும் பட்டுக்கோட்டைக்கு மேற்கே தோப்புக்காரன்தான். எனக்கு 400 போச்சு. மரம் போனதற்குத் துக்கம் கொண்டாட ஆரம்பித்தால் வருகிற வெள்ளை ஈயை யார் பார்ப்பது, கூன்வண்டை யார் பார்ப்பது? 1952-இலும் புயல் அடித்தது. அதற்குப் பிறகுதான் வாடல் நோய் முதன்முதலில் தெரிந்து, நம்ம ஜில்லா பேரையே அதற்கு வைத்து ‘தஞ்சாவூர் வாடல்’ என்றார்கள். அன்றைக்கு நம்ம தாத்தாக்கள் உட்கார்ந்து அழுதிருந்தால் நமக்கு ஏது தோப்பு?

இரண்டாவது, அந்த அடித்துண்டு. செத்த தென்னந்தண்டும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிற இடம். கஜாவுக்குப் பிறகு தோப்பில் மட்கிக் கிடந்த மரமெல்லாம் வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. வைத்த கன்றில் எத்தனை குருத்தை விசிறி விசிறியாக வெட்டி வைத்தது தெரியுமா? அதை எடுத்துக் கொளுத்துங்கள். குருத்து மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து வையுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு கரைத்துப் பானையில் வைத்தால் வண்டு வந்து விழும்.

இளநீர் குடிக்காவிட்டால் விடுங்கள். வயதானவர். சர்க்கரை இருக்கிறதா பாருங்கள்.


தோப்புவீட்டுப் பெண்:

அண்ணே, மருந்து சொல்லாதீர்கள் என்றுதானே முதல் வரியே எழுதினேன். சர்க்கரை இல்லை, பார்த்தாயிற்று.


முல்லைக்கொல்லை:

அக்கா, நான் வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்களுக்கு மாமரம், முல்லைக்கொல்லை, கொஞ்சம் உப்பளம். மூன்றும் அந்த ஒரு ராத்திரியில் போனது. உப்பளப் பாத்தி முழுக்கக் கடல் சேறு, கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். கோடியக்கரைக் காட்டில் இருந்த வெளிமான்கள் செத்துக் கரை ஒதுங்கியதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மான் எங்களுக்கு என்ன உறவு? பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு என் மாமியாரைத்தான் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் ஒரு பெரிய மாமரம். அவர் கல்யாணமாகி வந்தபோதே காய்த்துக்கொண்டிருந்ததாம். அது மாட்டுக் கொட்டகைமேல் சாய்ந்து கிடந்தது. மரம் அறுக்கும் மெஷினோடு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு மெஷின்காரருக்குத்தான் ஊரில் கிராக்கி, ஒரு வீட்டில் பத்து நிமிஷம் நிற்க மாட்டார்கள். மாமியார் குறுக்கே போய் நின்றார். செம்பில் மஞ்சத் தண்ணி கொண்டுவந்து வேரிலிருந்து நுனி வரை தெளித்தார். சூடம் ஏற்றினார். “இம்புட்டு நாளு சோறு போட்ட. போய்ட்டு வா” என்று மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெஷின்காரப் பையன் மெஷினை அணைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் வெட்டினார்கள்.

இது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றும் இல்லை. அவராகச் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்து “மஞ்சத்தூள் இருக்கா? எங்களுது தீர்ந்துபோச்சு” என்று கேட்டுக்கொண்டு போனார். அதற்கப்புறம் இன்னொருவர். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமியார் இப்போது இல்லை. அந்த மரத்தைப் பற்றி அவர் பிறகு பேசியதும் இல்லை, ஆனால் உங்கள் அப்பா மாதிரி எதையும் ஒதுக்கவும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லையோ என்னவோ. லாரி வந்துவிட்டது.

நான் இப்போது துக்கம் கேட்க வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஏழு வருஷம் பிந்திவிட்டது.


கழிமுகத்தான்:

எண்ணூர்க்காரன். உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் பொறாமைதான் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள், சொல்கிறேன்.

உங்களுக்குத் தேதி இருக்கிறது. நவம்பர் 16 என்று சொல்ல முடிகிறது. 212 என்று எண்ண முடிகிறது. எங்களுக்கு அது இல்லை. வெளியில் எல்லோருக்கும் 2023 டிசம்பர்தான் தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஒரு ஆலையிலிருந்து எண்ணெய் இறங்கிக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் முழுக்கப் படிந்தது. வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் தார் பூசியது மாதிரி. கூழைக்கடா ஒன்று இறக்கையை விரிக்க முடியாமல் மேட்டில் நின்றதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பையன்கள் பைபர் படகில் போய்ப் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை மொண்டார்கள். கையில் போட்ட உறை அரை நாளில் பிய்ந்துவிட்டது. குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000 என்று நிவாரணம் அறிவித்தார்கள். உங்கள் 1,100 மாதிரிதான்.

ஆனால் எங்கள் ஆறு அன்றைக்குச் சாகவில்லை. அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே செத்துக்கொண்டிருந்தது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படிந்து, அப்பா காலத்தில் கழுத்தளவு நின்று வலை போட்ட இடத்தில் நான் முட்டியளவில் நிற்கிறேன். அம்மா மடவை மீனைக் கையில் தூக்கிப் பார்த்தே இது ஆற்று மடவை, இது கடல் மடவை என்று சொல்வார். இப்போது மார்க்கெட்டில் வாங்குகிறார். எந்த நாளில் கடைசியாக எங்கள் வலையில் நல்ல இறால் பட்டது? யாருக்கும் நினைவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் ஞாபகம் வைத்திருப்போம். அன்றைக்கும் வழக்கம்போல் விலை பேசி விற்றுவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

எங்கள் பெரியவர்கள் மாலை நேரத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார மாட்டார்கள். கவனித்துப் பார்த்தால் தெரியும், முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். கேட்டால் காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறது, கண்ணில் தூசி விழுகிறது என்பார்கள். உங்கள் அப்பாவுக்குச் சளி, இவர்களுக்குத் தூசி.

பேசுவதா விடுவதா என்றால், நான் என் அப்பாவிடம் நேராகக் கேட்டதில்லை. வலை கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பேன். அப்போது தானாக ஏதாவது வரும். கை வேலையாக இருந்தால்தான் வாய் திறக்கும். கண்ணைப் பார்த்துக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.


திருச்சி வாத்தியார்:

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால் எனக்கு வருவது இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கிளென் ஆல்பிரெக்ட் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் 2003-இல் ‘சோலாஸ்டால்ஜியா’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். நியூ சவுத் வேல்ஸில் ஹன்டர் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி, திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் சுற்றிலும் தோண்டிக்கொண்டே வந்தன. அங்கிருந்தவர்கள் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் ஊரை விட்டுப் போனவர்களுக்கு வரும் ஏக்கம் அவர்களுக்கு வந்தது. இருந்த இடத்திலேயே இருந்து, இடம் கிளம்பிப் போய்விட்டால் வருகிற ஏக்கம் அது. ரோட்டிலிருந்து வீடு தெரிந்ததும் வெட்கமாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அங்கே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

2018-இல், கஜா அடித்த அதே வருடம், ஆஷ்லி கன்சோலோ, நெவில் எல்லிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘சூழலியல் துக்கம்’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பேசியது கனடாவின் வடக்கே கடல் பனி மெலிந்துபோவதைப் பார்க்கும் இனுவிட் மக்களிடமும், மேற்கு ஆஸ்திரேலியாவில் வறட்சியில் மேல்மண் பறந்துபோவதைப் பார்க்கும் கோதுமை விவசாயிகளிடமும். ஆகவே மரத்துக்காக ஒருவர் இப்படி இருப்பாரா என்ற கேள்விக்கு, இருப்பார், நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது பதில்.

ஐஸ்லாந்தில் ஓக் என்று ஒரு பனியாறு. அது இனிமேல் பனியாறு இல்லை, நகரும் அளவுக்குக் கனம் இல்லை என்று 2014-இல் ஓடுர் சிகுர்ட்சன் என்ற பனியியலாளர் சொல்லிவிட்டார். 2019 ஆகஸ்ட் 18 அன்று ஒரு கூட்டம் மலையேறிப் போய் அங்கே ஒரு பாறையில் செம்புத் தகடு பதித்தது. வருங்காலத்துக்கு எழுதிய கடிதம் அது. அடியில் அந்த மாதமும் வருடமும், காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 415 பங்கு என்ற கணக்கும் இருக்கின்றன. படத்தில் பார்த்தபோது எனக்கு நடுகல் ஞாபகம்தான் வந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நாம் கல் நட்டோம். அவர்கள் பனிக்கு நட்டிருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் அடித்துண்டும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.


வண்டுக்காரன்:

பனிக்கட்டிக்குக் கல் வைத்தார்களா? அது யார் செலவு?

சரி, கிண்டல் பண்ணவில்லை. முல்லைக்கொல்லை எழுதியதைப் படித்த பிறகு ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் 400-இல் முதல் மரம் சாய்ந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். காற்றுச் சத்தத்துக்கு நடுவே ‘மடக்’ என்று ஒன்று. அப்புறம் ஒன்று. எண்ண ஆரம்பித்தேன். முப்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் சேர்ந்து சேர்ந்து விழுந்ததால் கணக்குத் தவறியது. என் சம்சாரம் காதைப் பொத்திக்கொண்டு இருந்தது. நான் பொத்தவில்லை. பொத்தியிருக்கலாம்.

அந்த அடித்துண்டு விஷயம். ஏழு வருஷம் ஆகிவிட்டது என்பதை நான் யோசிக்கவில்லை. உள்ளே மண்ணாகியிருக்கும், வெளிக்கூடு மட்டும் நிற்கும். ஒரு கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாகக் கொழுத்த புழு, பிறை மாதிரி வளைந்து இருந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் கொளுத்த வேண்டாம். அப்பா உட்காரட்டும்.

இன்னொன்று கேட்கணும். உங்கள் வீட்டில் முதல் குலையைக் குலசாமிக்குக் கொடுத்தீர்களா? எங்கள் வீட்டில் அது கொடுக்காமல் யாரும் வாய் வைக்க மாட்டோம். ஒரு வேளை அதற்காகக் காத்திருக்கிறாரோ என்னவோ. பிள்ளைகள் அதையெல்லாம் மறந்துவிடுகிறீர்கள்.


தோப்புவீட்டுப் பெண்:

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வந்தேன்.

வாத்தியார் ஐயா, பேர் தெரிந்ததில் ஒரு ஆறுதல் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவிடம் போய் உங்களுக்கு சோலாஸ்டால்ஜியா என்று சொன்னால் மாத்திரை எங்கே என்பார். அதனால் கழிமுகத்தான் சொன்ன வழியில் போனேன். சாயங்காலம் கம்பியை எடுத்துக்கொண்டு, “அப்பா, இந்தத் துண்டுல வண்டுப் புழு இருக்கான்னு பாக்கணுமாம்” என்றேன். “யாரு சொன்னா?” “பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு அண்ணன்.” “வெவரமான ஆளாத்தான் இருக்கணும்” என்று எழுந்து இடம் விட்டார். வண்டுக்காரன் அண்ணே, சந்தோஷமா?

கிளறினோம். புழு இல்லை. காப்பித்தூள் மாதிரி கொட்டியது, நிறைய எறும்பு. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் இத்தனை வருடமும் அதைப் பெரியக்கா மரம் என்றே நினைத்திருந்தேன். அக்காவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன், அவளும் இரண்டு தடவை அதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறாள். “இது ரெட்டைப்பாளையாச்சே” என்றார் அப்பா. “ஒங்கக்கா மரந்தான் மொதல்ல லாரில ஏறுச்சு. நான் அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள அறுத்துட்டானுவொ.” அக்காவிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

குலசாமிக்கு முதல் குலை போன மாசி மாதமே போய்விட்டதாம். அப்பா தனியாகவே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. அண்ணே, பிள்ளைகளைத் திட்டியது சரிதான்.

அப்புறம் நான் கேட்காமலே சொன்னார். எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே.

“அன்னைக்கே ஒண்ணு வெட்டிக் குடிச்சேன். கோயில்லேர்ந்து வந்து. யாரும் இல்ல.”

“எப்புடிப்பா இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கம்பியால் குத்திக்கொண்டே இருந்தார்.

“பழைய மரத்துத் தண்ணி கிழக்க லேசா உப்புக் கரிக்கும். ஓடப் பக்கம்ல. இது நல்லா இனிக்குது. இவ்வளவு நல்லா இருக்கும்னு நெனைக்கல.”

அவ்வளவுதான் பேசினார். அம்மா விளக்குப் போட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது எனக்கு நாலு இளநீர் சீவி பையில் வைத்தார். தான் குடிக்கவில்லை. நானும் நீட்டவில்லை.

வேதாரண்யத்து மாமரக் கதையை ராத்திரி சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர், பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலைத் தட்டினார்.

முல்லைக்கொல்லை, அப்பா உங்களிடம் கேட்கச் சொன்னார்: அது என்ன ரக மாமரம், அந்த இடத்தில் திரும்ப ஏதாவது வைத்தீர்களா?


முல்லைக்கொல்லை:

ஒட்டு இல்லை அக்கா, கொட்டை போட்டு வளர்ந்த நாட்டு மரம். பேர் யாருக்கும் தெரியாது, வாசல் மாங்காய் என்போம். ஊறுகாய்க்கு அதுபோல் ஒன்று இல்லை. அந்த இடத்தில் இதுவரை ஒன்றும் வைக்கவில்லை. கொட்டகையைக் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருக்கிறோம். அந்த வருட ஊறுகாய் ஒரு ஜாடி அடியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள்.